பங்கேற்பாளர் மூன்று

மோதிரம், வாட்ச், பெல்ட் எல்லாத்தையும் கழட்டி இந்தத் தட்டுல வைங்க சார். அரைஞாண் கொடி போட்டிருக்கீங்களா? வெள்ளியா? அதையும் கழட்டணும். வெள்ளியைக் காந்தம் இழுக்காதுன்னு எனக்கும் தெரியும். ஆனா விதின்னு ஒண்ணு இருக்குல்ல. அந்தத் தடுப்புக்குப் பின்னால போய்க் கழட்டிட்டு வாங்க, வெட்கப்பட ஒண்ணும் இல்ல.

வந்துட்டீங்களா, உட்காருங்க. இதுதான் சம்மதப் படிவம். நீங்க சார்பதிவாளர் ஆபீஸ் வாசல்ல பத்திரம் எழுதறவர்னு போன்லயே சொன்னீங்க, அதனால ஒரு எழுத்து விடாம படிப்பீங்கன்னு தெரியும். படிங்க. அவசரம் இல்ல. உள்ள ஒரு முழங்கால் பேஷண்ட் இருக்கார், அவர் வெளிய வர இருபது நிமிஷம் ஆகும். இந்த ஸ்கேன் சென்டர்ல முழங்காலுக்குத்தான் முதல் மரியாதை. எங்களுக்கு மதியம் ரெண்டு மணிக்கு மேல, மிச்சம் மீதி நேரம்தான் கிடைக்கும்.

நான் டாக்டர் வீரபாகு. ஊசி போடற டாக்டர் இல்ல. மூளை எப்படி மொழியைப் புரிஞ்சுக்குதுன்னு கணக்குப் போட்டுப் பார்க்கிற ஆள். நீங்க உள்ள படுத்துக்கிட்டு காதுல கதை கேப்பீங்க. நல்ல தமிழ்க் கதைகள், நானே தேர்ந்தெடுத்தது. நீங்க ஒவ்வொரு வார்த்தையா கேட்கும்போது மூளையில எங்க ரத்தம் பாயுதுன்னு மெஷின் படம் எடுக்கும். இன்னொரு பக்கம், இப்ப போன்ல தானா பதில் எழுதுதே, அந்த மாதிரி கம்ப்யூட்டருக்கும் அதே கதையைக் குடுப்போம். அது ஒவ்வொரு வார்த்தையையும் ஆயிரம் எண்ணா மாத்தும். அந்த எண்ணை வெச்சு உங்க மூளையில அடுத்து என்ன நடக்கும்னு முன்கூட்டியே சொல்ல முடியுதான்னு பார்ப்போம். அவ்வளவுதான் சார், என் வாழ்க்கையில ஏழு வருஷம்.

வேலை என்னன்னா? போஸ்ட்டாக். டாக்டர் பட்டம் வாங்கினதுக்கப்புறம், நிரந்தர வேலை கிடைக்கிற வரைக்கும், இன்னொருத்தரோட லேப்ல ஒப்பந்தத்துல இருக்கிறது. முதல்ல ரெண்டு வருஷம், அப்புறம் ரெண்டு வருஷம், இப்ப மூணு வருஷம். வர்ற மார்ச்சோட அதுவும் முடியுது. என் பொண்ணு ஒண்ணாவது படிக்கிறா, சிவகாசில அவங்க அம்மாகூட இருக்கா. ஸ்கூல்ல அப்பா என்ன பண்றார்னு கேட்டதுக்கு ‘படிக்கிறார்’னு சொல்லியிருக்கா. டீச்சர் சிரிச்சாங்களாம். சிரிப்பாங்க, ஏன் சிரிக்க மாட்டாங்க.

பங்கேற்பாளர் மூன்றுன்னு மேல போட்டிருக்கே, அது நீங்கதான். பேர் எங்கயும் வராது. ஒண்ணும் ரெண்டும் யாருன்னு கேட்கறீங்களா? ஒண்ணு நான். ரெண்டு எங்க புரொபசர் சந்தானகோபாலன். ஆச்சரியப்படாதீங்க. எங்க துறையில இது வழக்கம். பத்து மணி நேரம் அசையாம படுக்க வெளியாள் யாரு வருவா? அதனால லேப் ஆளுங்களே படுத்துக்குவோம். சொந்த மண்டையையே போட்டுத்தான் சார் ஆராய்ச்சி பண்றோம்.

மூணு? மூணு ஏற்கனவே இருந்துச்சு. இருந்துச்சுன்னுதான் சொல்லணும். அதைப் பத்திக் கேட்காதீங்க, எனக்கு ரத்தம் கொதிக்கும்.

கேட்டுட்டீங்க, சொல்லிடறேன். நாலு பேருக்குத் தெரியட்டும்.

மெர்லின்னு ஒரு பொண்ணு. நாகர்கோவில் பக்கம். அவளும் போஸ்ட்டாக்தான், எனக்கு அஞ்சு வருஷம் ஜூனியர். வந்த அன்னிக்கே என்னை அண்ணான்னு கூப்பிட்டா. நானும் தங்கச்சி மாதிரிதான் நடத்தினேன். அவளுக்கு என்ன வேலை குடுத்தேன் தெரியுமா? கதையில ஒவ்வொரு வார்த்தையும் எந்த நொடியில தொடங்குது, எந்த நொடியில முடியுதுன்னு குறிக்கிற வேலை. இங்கிலீஷுக்கு அதெல்லாம் தானா பண்ற கருவி இருக்கு. நம்ம தமிழுக்கு வெச்சுப் பார்த்தா அது உளறுது. அதனால காதுல மாட்டிக்கிட்டு, கேட்டுக் கேட்டு, கோடு கோடா போடணும். பத்து மணி நேரக் கதைக்கு எட்டு மாசம் உட்கார்ந்தா. ‘வந்துகிட்டிருந்தான்’னு ஒருத்தர் சொன்னா அது ஒரு வார்த்தையா, ரெண்டா, எங்க வெட்டறதுன்னு தினமும் என்கிட்ட வந்து நிப்பா. எதையாவது பண்ணும்மான்னு அனுப்பிடுவேன். கிளார்க் வேலை சார் அது. மூளை வேணாம், பொறுமை போதும்.

ஆனா உள்ள படுத்தான்னா, அந்தப் பொண்ணு மாதிரி ஆள் கிடையாது. அதை நான் ஒத்துக்கறேன், நியாயமா பேசணும்ல. ஒரு மணி நேரம் படுத்தா தலை ஒரு மயிரிழை அசையாது. அவ மூளைப் படத்தைப் பார்த்தா கண்ணுல ஒத்திக்கலாம். கம்ப்யூட்டர் சொன்னதும் அவ மூளை பண்ணதும் அப்படிப் பொருந்துச்சு. எங்க மூணு பேருல அவளுதுதான் முதல். புரொபசருது சுமார். அவர் நாலாவது கதையிலயே குறட்டை விட்டுட்டார்.

என்னுதா? என்னுதைப் பத்தி என்ன இருக்கு. அன்னிக்கெல்லாம் மெஷின் சரியில்ல. தவிர எல்லாக் கதையும் எனக்கு ஏற்கனவே தெரியும், நான்தானே தேர்ந்தெடுத்தேன். தெரிஞ்ச கதையைக் கேட்டா மூளை எதுக்கு வேலை செய்யும்? அதனால என் படத்துல ஒண்ணும் தெரியல. அதை வெச்சு யாரும் எதுவும் முடிவு பண்ண வேண்டியதில்லை.

சரி. பேப்பர் எழுதினேன். பேப்பர்னா ஆராய்ச்சிக் கட்டுரை. அதுல முதல் பேர் யாரோடதோ அவருக்குத்தான் வேலை. கடைசிப் பேர் லேப் தலைவருக்கு. நடுவுல வர்றவங்க கல்யாணப் பத்திரிகையில ‘சுற்றமும் நட்பும்’ மாதிரி, இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டியும் ஒண்ணு. வடக்க ஒரு நிறுவனத்துல உதவிப் பேராசிரியர் இடம் ஒண்ணு விளம்பரம் பண்ணியிருக்கான். பிப்ரவரில நேர்காணல். பேப்பர் ஏத்துக்கிட்டாச்சுன்னு கடிதம் இருந்தாத்தான் உள்ளயே விடுவான். எனக்கு அடுத்த வருஷம் முப்பத்தொம்பது. இதை விட்டா அப்புறம் பட்டாசுக் கடையில மாமனாருக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார வேண்டியதுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, லேப் மீட்டிங்ல எழுதின பேப்பரைத் திரையில போட்டேன். முதல் பேர் என்னுது. கடைசிப் பேர் புரொபசருது. எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க. இவ மட்டும் திரையையே பார்த்துக்கிட்டிருந்தா. அப்புறம் மெதுவா கேட்டா. “அண்ணா, என் பேரு?”

கீழ பாரு, நன்றியுரையில முதல் பேரே உன்னுதுதான்னு காட்டினேன். ‘பொறுமையுடன் உதவிய’ன்னு ஒரு அடைமொழி வேற போட்டிருந்தேன்.

“கோடு போட்டதுல இருந்து, கணக்கு எழுதினதுல இருந்து நான் பண்ணேன். நன்றியில போட்டா எப்படி?”ன்னா. கணக்குன்னு அவ சொல்றது அந்த ஆயிரம் எண்ணையும் மூளைப் படத்தையும் இணைக்கிற புரோகிராம். அவ எழுதினதுதான், இல்லைங்கல. ஆனா எழுதுன்னு சொன்னது யாரு?

நான் கோவப்படல சார். பொறுமையா விளக்கினேன். பரிசோதனைக்குப் படுத்தவங்க பேர் ஆசிரியர் வரிசையில வரக்கூடாதும்மா, நடுநிலை போயிடும், நாளைக்கு யாராவது கேள்வி கேட்பான்னு சொன்னேன். விதியைச் சொன்னேன்.

உடனே அவ கேட்கறா, அத்தனை பேர் முன்னாடியும். “பங்கேற்பாளர் ஒண்ணு யாரு, ரெண்டு யாரு?”

இது என்ன கேள்வி சார்? நீங்களே சொல்லுங்க. புரொபசர் லேப் தலைவர், அவர் பேர் இல்லாம பேப்பர் வெளிய போகுமா? நான் எழுதினவன், என் பேர் இல்லாம போகுமா? நாங்க வேற. அவ வேற. இது சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். புரொபசர் என்ன பண்ணார்? “நீங்க ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்கங்க”ன்னுட்டு போனை எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டார். அவருக்கு எப்பவும் அந்த நேரத்துல ஒரு போன் வரும்.

அப்புறம் மூணு வாரம் அவ வாயே திறக்கல. அடங்கிட்டான்னு நினைச்சேன். போட்ட கோடு எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கி, புரோகிராம்ல எந்த வரி என்ன பண்ணும்னு குறிப்பெழுதி, ஒரு பைலா பண்ணி என் மேசையில வெச்சா. இவ்வளவு ஒழுங்கா ஒருத்தி வேலையை ஒப்படைச்சா என்ன அர்த்தம்? எனக்கு உறைக்கல. சந்தோஷமா எடுத்து வெச்சுக்கிட்டேன்.

மறுநாள் எத்திக்ஸ் கமிட்டிலேர்ந்து மெயில் வருது. மனுஷங்களை வெச்சுப் பரிசோதனை பண்ணா அதை மேற்பார்வை பண்ற குழு. ‘பங்கேற்பாளர் மூன்று ஆய்விலிருந்து விலகிக்கொள்கிறார். அவர் சம்பந்தப்பட்ட எல்லாத் தரவுகளையும் அழிக்கவும்.’

புரியுதா சார்? ஆசிரியரா கேட்டா ஒண்ணும் நடக்கலன்னு, படுத்தவளா போய்க் கேட்டிருக்கா. தன் மூளையைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டா!

ஓடிப் போய் அவளைக் கேட்டேன். ஏம்மா இப்படிப் பண்றே, என்ன காரணம்னு கேட்டேன். அவ பையில சம்மதப் படிவத்தை வெச்சிருந்தா. எடுத்து மூணாவது பத்தியைக் காட்டினா. “காரணம் சொல்லாண்டாம்னு இதுல போட்டிருக்கே, டாக்டர் வீரபாகு. நீங்க எழுதினதுதானே?” ரெண்டு வருஷம் அண்ணான்னு கூப்பிட்ட வாய். டாக்டர் வீரபாகுவாம்.

நான் எழுதினதுதான். ‘நீங்கள் எந்த நேரத்திலும், எந்தக் காரணமும் சொல்லாமல், இந்த ஆய்விலிருந்து விலகலாம்.’ எல்லா ஊர்லயும் இருக்கிற வாசகம், நான் தமிழ்ல மாத்தினேன். நல்லா வந்திருக்குன்னு கமிட்டில பாராட்டினாங்க. அவளுக்கு அதை வாசிச்சுக் காட்டினதும் நான்தான். அது யாராவது வெளியாள், பாவம், உள்ள போனதும் மூச்சு முட்டுதுன்னா சொல்றதுக்கு. லேப்ல இருக்கிறவ எடுத்து நீட்டறதுக்கா?

அழிச்சது யாருன்னு கேளுங்க. கேளுங்க சார். நானு. கமிட்டிலேர்ந்து ரெண்டு பேர் வந்து என் நாற்காலிக்குப் பின்னால நின்னாங்க. பத்து நாள் ஸ்கேன், பத்து மணி நேரம், அத்தனையும் என் விரலால அழுத்தி அழிச்சேன். நாலு நிமிஷம்கூட ஆகல. அழிஞ்சுதான்னு ரெண்டு தடவை தேடிப் பார்த்துட்டு, கையெழுத்து வாங்கிக்கிட்டுப் போனாங்க. அன்னிக்கு எனக்கு அழுகை வந்துடுச்சு, மறைக்கறதுக்கு என்ன இருக்கு. அவ்வளவு சுத்தமான டேட்டா சார். ரெண்டு வருஷ உழைப்பு அவளோட... எங்களோட உழைப்பு. என் உழைப்பு.

பேப்பர் அனுப்பியிருந்த ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரன் குறைஞ்சது மூணு பேரோட மூளையாவது வேணும்னுட்டான். ஜனவரி முடியறதுக்குள்ள திருத்தி அனுப்பணும். இப்ப கையில இருக்கிறது குறட்டை விட்டவரும் நானும்.

அவளா? ஒப்பந்தத்தை நீட்டிக்கலன்னு புரொபசர் சொல்லிட்டார். பழி வாங்கறதெல்லாம் இல்ல, எப்படியும் முடிய வேண்டியதுதான். இப்ப ஊர்ல, பக்கவாதம் வந்து பேச்சுப் போனவங்களுக்குப் பயிற்சி குடுக்கிற இடத்துல இருக்காளாம். அங்க அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடறாங்களாம், டீ குடிக்கிற இடத்துல யாரோ சொன்னாங்க. கூப்பிடட்டும்.

அவ போட்ட கோடெல்லாம்? அது இருக்கு. அதை வெச்சுத்தான் உங்க மூளையையும் கணக்குப் பண்ணுவோம். அது மூளை இல்லையே, அதை அழிக்கச் சொல்லி யாரும் சொல்லல. லேப் சொத்து. நன்றியுரைதான் இருக்கேன்னு கேட்கறீங்களா? எடுத்துட்டேன். விலகிப் போனவளுக்கு நன்றி சொன்னா படிக்கிறவங்க குழம்புவாங்க.

எங்க சார் பார்க்கறீங்க? மூணாவது பத்தியா? ஆமா, அதைக் கொஞ்சம் மாத்தியிருக்கேன். ‘முதல் ஸ்கேனுக்குப் பிறகு விலக விரும்பினால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். ஆய்வுக் குழு அதை ஏற்றால் மட்டும் தரவுகள் அழிக்கப்படும்.’ இதுல என்ன தப்பு? ஆய்வுக் குழுன்னா நானும் புரொபசரும்தான். நியாயமான காரணம்னா நாங்க ஏத்துக்க மாட்டோமா?

கமிட்டி முத்திரை இல்லையா? அடடா, உங்க கண்ணு இருக்கே. கமிட்டி அடுத்த மாசம்தான் கூடும். கூடினதும் வாங்கிடுவேன். நீங்க பத்திரம் எழுதற ஆள், முத்திரையையே பார்ப்பீங்க. இது நிலம் நீச்சு இல்ல சார், கதை கேட்கிறது. வாரத்துக்கு ரெண்டு நாள், அஞ்சு வாரம். கதை கேட்டுட்டுப் போகப் போறீங்க.

பழைய படிவத்துல கையெழுத்து போடறீங்களா? எதுக்கு? பாதியில போயிட்டீங்கன்னா? நான் உங்களை நம்பலைன்னு இல்ல. அவளையும் நான் நம்பினேன்!

இருங்க. பெல்ட்டை ஏன் மாட்டறீங்க? இன்னும் கூப்பிடவே இல்ல. வீட்டுல கேட்டுட்டுச் சொல்றீங்களா? பத்து நாளா தேடி உங்களைப் பிடிச்சிருக்கேன். வலக்கை, தாய்மொழி தமிழ், உடம்புல பிளேட் இல்ல, ஸ்க்ரூ இல்ல, குறட்டை கிடையாதுன்னு நீங்களே சொன்னீங்க. இந்த ஊர்ல இதெல்லாம் சேர்ந்த ஆள் கிடைக்கிறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நான் அந்தப் பொண்ணு கதையைச் சொன்னதே நீங்க என் பக்கத்து நியாயத்தைப் புரிஞ்சுக்கணும்னுதான்.

என்னது? சரியாச் சொல்லுங்க. அவ பேரை முதல்ல போட்டிருந்தா இந்தப் பத்தியை மாத்த வேண்டிய அவசியம் வந்திருக்காதேங்கறீங்களா? ஓஹோ. வாசல்ல உட்கார்ந்து அடுத்தவன் சொத்தை எழுதற ஆளுக்கு இதெல்லாம் சொல்லத் தெரியுது. ஆராய்ச்சின்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? போங்க. தட்டுல மோதிரம் இருக்கு, எடுத்துக்கிட்டுப் போங்க. கொடியை மறந்துட்டுப் போய் நாளைக்கு என் மேல சொல்லாதீங்க.

பிரான்சிஸ்! முழங்கால் முடிஞ்சுதாப்பா? முடிஞ்சா மெஷினைத் தயார் பண்ணு. நம்பர் மூணுன்னு போடு. இவர் இல்ல, இவர் போறார். நான்தான் படுக்கப் போறேன்.

ஏன் முழிக்கிற? ஒண்ணுன்னு படுத்தது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. அன்னிக்கு இருந்த ஆளா நான்? மனுஷனுக்கு எல்லாம் மாறும், மூளையும் மாறும். வேற ஆள்னே வெச்சுக்கலாம். வயசு கேட்குதா மெஷின்? முப்பத்தொண்ணுன்னு போடு. எடையை அப்படியே போடு. பேர்தான் எங்கயும் வராதே, நம்பர்தானே. இந்தத் தடவை தூங்க மாட்டேன். காபி குடிச்சிருக்கேன். ஒரு கதைகூட விடாம கேட்கப் போறேன்.

படிவம் வேணும்ல. அந்த அலமாரில பழசு ஒரு கட்டு இருக்கும், அதுலேர்ந்து ஒண்ணு எடு. புதுசு வேணாம்ப்பா. எனக்குப் பழசே இருக்கட்டும். நாளைக்கு எப்படி இருக்குமோ, மூணாவது பத்தி முழுசா இருக்கிறது நல்லதுதானே.

விளக்கிச் சொன்னவர், நான். போட்டாச்சு. சம்மதிச்சவர், அங்க கோணலா வேற மாதிரி போட்டுக்கறேன். சாட்சி. பிரான்சிஸ், இங்க ஒரு கையெழுத்து. பிரான்சிஸ்? எங்கப்பா போறே? அட, மெஷினை யாரு இயக்குவா?

சார், சார், ஒரு நிமிஷம். போறதுதான் போறீங்க, கோவத்துல ஏதோ பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. உங்களுக்குப் பழகின வேலைதான், இந்தக் கடைசி வரில மட்டும் ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்க. பொய்யா எதுவும் எழுதல, நீங்களே படிச்சுப் பாருங்க. ‘பங்கேற்பாளர் எவருடைய கட்டாயமும் இன்றி, முழு மனதுடன் சம்மதித்ததை நேரில் கண்டேன்.’ என்னை யாரும் கட்டாயப்படுத்தலை. நீங்க பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?